மருமக்கள்வழிக் கணக்கு

தமிழ்நாட்டு அரசின் மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், நிரல்மொழிகளில் வழங்கும் ‘கிளாஸ்’ என்னும் சொல்லை ‘இனக்குழு’ என்று தமிழாக்கியது. ‘ஆப்ஜெக்ட்’ அங்கே ‘பொருள்’ ஆயிற்று. ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்பது ‘மரபுரிமம்’. இச்சொற்களை ஆக்கியவர்கள் மானிடவியலை மனத்திற் கொண்டிருந்தார்களோ இல்லையோ, இனக்குழு, பொருள், மரபுரிமம் என்ற மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால், கணினிப் பாடத்தைக் காட்டிலும் நாஞ்சில் நாட்டின் சமூக வரலாறே நம் நினைவில் எழுகிறது. ஒருவர் எந்தக் குலம், அவரிடம் எவ்வளவு பொருள், அவருக்குப்பின் அது எவரைச் சேரும் என்ற மூன்று வினாக்களைச் சுற்றியே தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களின் வீடுகளும் நீதிமன்றங்களும் பல தலைமுறைகள் சுழன்றிருக்கின்றன.

பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் கற்பிக்க முற்படும் ஆசிரியர் எவரும் எடுத்தவுடன் கையாளும் உதாரணம் வங்கிக் கணக்கு. ‘கணக்கு’ என்றொரு தாய் இனக்குழு. அதற்குள் கணக்கு எண், உரியவர் பெயர், இருப்பு ஆகிய தரவுகள். பணம் போடுதல், பணம் எடுத்தல் ஆகிய செயல்கள். இருப்பை வெளியிலிருந்து எவரும் தொட முடியாது. போடுதல், எடுத்தல் என்ற இரு வாயில்கள் வழியாகவே அது மாறும். பின்னர் ‘சேமிப்புக் கணக்கு’ என்றொரு வழித்தோன்றல். தாயிடம் உள்ளவை அனைத்தும் அதற்குத் தாமாகவே வந்துவிடுகின்றன. வட்டி கணக்கிடுதல் மட்டும் புதிதாகச் சேர்கிறது. ‘நடப்புக் கணக்கு’ இன்னொரு வழித்தோன்றல். அதற்கு வட்டி இல்லை, ஓவர்டிராஃப்ட் உண்டு. ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுத வேண்டியதில்லை என்பதே இதன் கவர்ச்சி.

ஒரு மேசையின் இழுப்பறைகளைப் போல ஒழுங்காகத் தோன்றும் இந்த உதாரணத்தைச் சற்றே துருவினால், மரபுரிமை என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருப்பதைக் காண்கிறோம். அவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் நிரலாளர்கள் இழந்தது உழைப்பை. நாஞ்சில் நாட்டார் இழந்தது அதனினும் பெரிது.

ஆஸ்லோவில் ஒரு சுங்கச்சாவடி

மரபுரிமக் கருத்து பிறந்த ஊர் நார்வேயின் தலைநகரான ஆஸ்லோ. அங்கிருந்த நார்வேக் கணிப்பு மையத்தில் 1960களின் தொடக்கத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோகன் டால் ஆகிய இருவரும் சிமுலா என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினர். பெயரே சொல்வதுபோல, உலக நிகழ்வுகளைக் கணினிக்குள் பாவனை செய்து பார்ப்பதற்கான மொழி அது. வரிசையில் காத்து நிற்பவர்கள், தொழிற்சாலைக்குள் நகரும் சரக்கு, துறைமுகத்துக் கப்பல்கள் முதலியவற்றை எழுதிப் பார்ப்பதே நோக்கம்.

ஒரு பாலத்தின் சுங்கச்சாவடி முன் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கும் வண்டி என்ற அளவில் இரண்டும் ஒன்றே. முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டுமே அங்கு வேண்டும். ஆனால் லாரிக்குச் சுமை உண்டு, பேருந்துக்குப் பயணிகள் உண்டு. பொதுவானதை ஒருமுறையும் சிறப்பானதைத் தனித்தனியாகவும் எழுதுவது எப்படி? அவர்கள் தம் மொழி வரலாற்றை எழுதியபோது இந்தச் சிக்கலையே திருப்புமுனையாகக் குறிப்பிட்டார்கள். டோனி ஹோர் 1965இல் முன்வைத்த பதிவேட்டு வகைகள் என்ற கருத்து அவர்களுக்குப் பாதி வழி காட்டியது. மீதிப் பாதியை 1966-67 குளிர்காலத்தில் அவர்களே கண்டடைந்தனர். ஓர் இனக்குழுவின் பெயரை இன்னோர் இனக்குழுவின் அறிவிப்புக்கு முன்னால் எழுதிவிட்டால் முன்னதன் உடைமைகள் பின்னதற்குள் இணைந்துவிடும். 1967 மே மாதம் ஆஸ்லோவில் கூடிய மாநாட்டில் இதை அறிவித்தார்கள்.

அவர்கள் இதற்கு வைத்த பெயர் மரபுரிமை அன்று, ‘முன்னொட்டுதல்’. இலக்கணத்தில் ஒரு சொல்லுக்கு முன் ஒட்டு வருவதைப் போன்ற, உறவுமுறை வாடையே இல்லாத பெயர். தாய், பிள்ளை, வாரிசு என்ற குடும்பச் சொற்கள் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவை.

கலிபோர்னியாவின் செராக்ஸ் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழியை வடிவமைத்த ஆலன் கே, ‘பொருள்நோக்கு’ என்ற தொடரையே வழங்கியவர். அவர் தம் மொழியின் முதல் வடிவத்தில் மரபுரிமத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தார். அதை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்ட பிறகு சேர்க்கலாம் என்று எண்ணியதாகப் பின்னர் எழுதினார். 1976ஆம் ஆண்டு வடிவத்தில் அது இடம்பெற்றது. 1983இல் அடீல் கோல்ட்பெர்க்கும் டேவிட் ராப்சனும் எழுதிய ஸ்மால்டாக் நூலில் நம் தலைப்புக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. வரவையும் செலவையும் பதிந்து வைக்கும் ‘நிதி வரலாறு’ என்ற இனக்குழு. அதன் வழித்தோன்றலாக, வருமான வரியில் கழித்துக்கொள்ளத்தக்க செலவுகளைத் தனியே குறித்துவைக்கும் இன்னோர் இனக்குழு. இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் வழங்கும் சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு உதாரணத்தின் மூத்த உறவினர் என்று இதைக் கருதலாம்.

பெல் ஆய்வகத்தில் பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய பணி சி++ ஆக வளர்ந்தது. 1995இல் ஜாவா வந்தது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இம்மொழிகளில் நிரல் எழுதின. சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கணக்கு என்னும் தாய்க்குச் சேமிப்பு, நடப்பு என்னும் பிள்ளைகளைப் பெற்றுத் தந்தார்கள். அவர்களில் நாஞ்சில் நாட்டுக்காரர்களும் உண்டு. தம் பாட்டனார் காலத்தில் பிள்ளை என்ற சொல்லுக்கும் வாரிசு என்ற சொல்லுக்கும் ஒட்டுறவே இல்லாதிருந்ததை அவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

முகம் தந்தையுடையது, வயல் மாமனுடையது

பழையாற்றின் கரையில் அமைந்த பூதப்பாண்டி, தோவாளை வட்டத்தின் தலைமையிடம். பூதலிங்கசுவாமி கோயிலால் அறியப்படுவது. இலக்கிய வாசகர்களுக்கு அது ஜீவாவின் ஊர். 1907இல் இங்கே பிறந்த ப. ஜீவானந்தம், பொதுவுடைமை இயக்கத்தின் தலைவராகவும் ‘தாமரை’ இதழின் நிறுவனராகவும் விளங்கினார். தனியுடைமை கூடாது என்று வாழ்நாள் முழுவதும் பேசிய ஒருவர், உடைமை எவருக்குப் போகும் என்ற பூசல் வீட்டுக்கு வீடு நடந்த மண்ணிலிருந்து புறப்பட்டார் என்பது எண்ணத்தக்கது.

நாஞ்சில் நாட்டு வேளாளருள் பெரும்பகுதியினர் மருமக்கள்வழியினர். அந்த முறையில் ஒருவரின் சொத்து அவருடைய மக்களுக்குச் சேராது. அவருடைய சகோதரியின் மக்களுக்கே சேரும். குடும்பச் சொத்து முழுவதையும் ஆள்பவர் காரணவர். அவர் காலத்துக்குப்பின் மருமகன் காரணவராவார். மனைவியும் மக்களும் பெறக்கூடியது ‘உகந்துடைமை’ என்ற பெயரில், சொத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு பகுதி மட்டுமே. உகந்து தருவது என்பதனாலேயே அது உரிமை என்பதைவிட அன்பின்பாற்பட்டதாகக் கருதப்பட்டது. அன்பு குறைந்த இடத்தில் அதற்கும் வழக்காட நேர்ந்தது.

மலையாள நாட்டின் தறவாடுகளில் இம்முறை இயங்கியதற்கும் நாஞ்சில் நாட்டில் இயங்கியதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே பெண் தன் தாய்வீட்டிலேயே தங்கினாள். குழந்தைகளும் தாம் உரிமை பெற்ற வீட்டிலேயே வளர்ந்தார்கள். நாஞ்சில் நாட்டிலோ பெண் கணவன் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் தந்தையின் முற்றத்தில் விளையாடி, தந்தையின் வயலில் நாற்றுக் கட்டைச் சுமந்து வளர்ந்தார்கள். தந்தை கண்ணை மூடினால் அந்த முற்றத்துக்கும் வயலுக்கும் வேறொருவர் வந்து நிற்பார். தந்தையின் முகச்சாயல் பிள்ளைக்கு. தந்தையின் வயல் மருமகனுக்கு. பிள்ளைக்கு உரிய வயலோ, தான் அதிகம் வாழ்ந்திராத மாமன் வீட்டில்.

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நெடும்பாடலை இந்தச் சூழலிலிருந்தே எழுதினார். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல் அது. சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்டிருக்கிறது. படித்து முடித்தபின் சிரிப்பு நிலைப்பதில்லை. காரணவரின் ஊதாரித்தனம், மருமகனின் அலட்சியம், வழக்குகளில் கரையும் நிலம், கணவன் இறந்தபின் கையில் எதுவுமின்றி நிற்கும் பெண் என்று அது காட்டும் உலகத்தில் தனியொரு தீயவனைச் சுட்டிக்காட்ட முடியாது. விதியே தீயது, மனிதர்கள் அவ்விதியை நிறைவேற்றுகிறார்கள். அமைப்பின் பிழையைத் தனிமனிதப் பிழையினின்று பிரித்துக் காட்டியதே மான்மியத்தின் தனிச்சிறப்பு என்பது நம் எண்ணம்.

சீர்திருத்தக் குரல்களின் பயனாகத் திருவிதாங்கூர் அரசு 1926இல், கொல்லம் ஆண்டு 1101இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. கூட்டுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும், மனைவி மக்கள் சட்டப்படி உரிமை பெறவும் அது வழி திறந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மருமக்கள்வழி என்பதற்கு விளக்கம் தரும் பகுதியில், இந்தச் சட்டத்தையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது.

இரண்டு மரபுரிமைகள்

நிரல்மொழியின் மரபுரிமத்தையும் இந்த மரபுரிமையையும் ஒப்பிடுகையில் முதலில் கண்ணில் படுவது ஒரு வேற்றுமை. நிரலில் வழித்தோன்றல் பெறுவது குணத்தை, உடைமையை அன்று. தாய் இனக்குழு இறப்பதில்லை, குறைவதில்லை, பங்கு போடப்படுவதும் இல்லை. பத்து வழித்தோன்றல்கள் தோன்றினாலும் பத்துக்கும் முழுமையாகவே கிடைக்கிறது. இது மூக்கும் நிறமும் குரலும் தலைமுறை தாண்டி வருவதை ஒத்தது. வயலோ அப்படியன்று, ஒருவர் பெற்றால் இன்னொருவர் இழக்கிறார். குணம் பிறப்பினால் வருவது. உடைமை சட்டத்தினால் வருவது. ‘மரபு’ என்ற சொல் முன்னதையும் ‘உரிமை’ என்ற சொல் பின்னதையும் குறிக்க, ‘மரபுரிமம்’ என்ற பாடநூற் சொல் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது. நாஞ்சில் நாட்டின் மருமக்கள்வழி, அவ்விரண்டும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கக்கூடும் என்பதற்கு வாழ்ந்த சான்று.

ஓர் ஒற்றுமையும் உண்டு, அது ஆழமானது. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஆற்றிய உரையில், எது உண்மையான வழித்தோன்றல் என்பதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். தாய் இனக்குழுவை எதிர்பார்க்கும் இடத்தில் வழித்தோன்றலைக் கொண்டுபோய் நிறுத்தினால், பயன்படுத்துபவர் வேற்றுமையை உணராதபடி எல்லாம் நடைபெற வேண்டும். பெயரளவில் பிள்ளையாய் இருந்தால் போதாது. தாய் தந்த வாக்குறுதிகளைப் பிள்ளையும் காப்பாற்ற வேண்டும். காரணவர் முறையும் இதே எதிர்பார்ப்பின்மேல் நின்றது. குத்தகைக்காரரும் கோயிலும் கடன் கொடுத்தவரும் பழைய காரணவரிடம் எதை எதிர்பார்த்தார்களோ அதையே புதியவரிடமும் பெற வேண்டும். காரணவர் வீட்டைக் காக்க வேண்டியவர். வீட்டை விற்றுத் தின்றவர் காரணவர் என்ற பெயரில் அந்த இடத்தில் நின்றார். மான்மியத்தின் புலம்பலை லிஸ்கோவின் மொழியில் இப்படிச் சுருக்கலாம்.

வங்கிக் கணக்குக்குத் திரும்புவோம். ‘கணக்கு’ என்னும் தாய் இரண்டு வாக்குறுதிகள் தருகிறது. கேட்டபோது பணம் எடுக்கலாம். இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகாது. இப்போது வைப்புநிதிக் கணக்கை வழித்தோன்றலாக்குவோம். குறித்த நாளுக்குமுன் நினைத்த தொகையை அதிலிருந்து எடுக்க இயலாது. முறித்தால் வட்டி குறையும். முதல் வாக்குறுதி போயிற்று. ஓவர்டிராஃப்ட் உள்ள நடப்புக் கணக்கில் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகலாம். இரண்டாவதும் போயிற்று. நகைக்கடன் கணக்கை என்ன செய்வது? அதில் பணம் போட்டால் இருப்பு கூடுவதில்லை, கடன் குறைகிறது. மூன்றும் ‘கணக்கு’ என்ற பெயரைச் சுமந்தும் தாயின் நடத்தை எதனிடமும் இல்லை. பெயரொற்றுமையைக் கண்டு உறவு கற்பித்ததால் நேர்ந்த பிழை இது.

இந்த அனுபவத்தின் சாரமாக 1994இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் ஓர் அறிவுரையைச் சொன்னது. மரபுரிமத்தைவிடச் சேர்க்கையை விரும்புக என்பது அதன் கருத்து. ஒன்று இன்னொன்றின் பிள்ளையாக இருப்பதைக் காட்டிலும், வேண்டியதைத் தன்னிடம் ஓர் உறுப்பாக வைத்துக்கொள்வது நல்லது. 2009இல் அறிமுகமான கோ மொழியிலும், 2015இல் முதல் நிலைப்பதிப்புக் கண்ட ரஸ்ட் மொழியிலும் இனக்குழு மரபுரிமம் என்பதே இல்லை. ஆஸ்லோவில் பிறந்த கருத்து அரை நூற்றாண்டுக்குள் தன் எல்லையைக் கண்டுகொண்டது எனலாம்.

விதி மாறும்போது

சேர்க்கை ஏன் நல்லது என்பதற்கு நம் வங்கிகளின் வரலாறே சான்று தரும். சேமிப்புக் கணக்குக்கு வட்டி கணக்கிடும் முறை நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. ஒவ்வொரு மாதமும் பத்தாம் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி. பதினோராம் தேதி பணம் போட்டவருக்கு அம்மாதம் அத்தொகைக்கு வட்டி கிடையாது. ரிசர்வ் வங்கி 2010 ஏப்ரல் 1 முதல் நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி என்று மாற்றியது. 2011 அக்டோபரில் வட்டி விகிதத்தை வங்கிகளே முடிவு செய்யலாம் என்றாயிற்று. வட்டிக் கணக்கை இனக்குழுவின் உடம்போடு தைத்துவிட்டவர் உடம்பையே கிழிக்க வேண்டும். ‘வட்டி விதி’ என்ற தனி உறுப்பாக வைத்திருந்தவருக்கோ அதை மட்டும் கழற்றி மாட்டினால் போதும். வங்கிகளின் கோர் பேங்கிங் மென்பொருள்களும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. கணக்கு வகைக்கொரு குறியீடு. அதன் வட்டி, குறைந்தபட்ச இருப்பு, கட்டணம் யாவும் அட்டவணையில் எழுதிய தரவுகள்.

மாறுவது வட்டி மட்டும் அன்று. திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். பின்னர் அணா, பைசா. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா. ‘இருப்பு’ என்பதை வெறும் எண்ணாக எழுதியவர், அது எந்த நாணயத்தில் என்பதை எங்கே குறிப்பார்? தொகையும் நாணயமும் சேர்ந்த தனிப்பொருளாகப் பணம் இருக்க வேண்டும் என்று இன்றைய நிரல் நூல்கள் சொல்வதை நாஞ்சில் நாட்டுக் கணக்குப்பிள்ளை விளக்கமின்றியே ஒப்புக்கொண்டிருப்பார்.

வங்கிகளும் மாறின. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்தது. 1945இல் தோன்றிய திருவிதாங்கூர் வங்கி 1960இல் ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ஸ்டேட் பாங்க் ஆப் திருவிதாங்கூர் என்ற பெயரில் குமரி மாவட்டத்திலும் கிளைகள் நடத்தியது. 2017 ஏப்ரல் 1 அன்று தாய் வங்கியோடு கலந்தது. கணக்குதாரர் மாறவில்லை, அவர் இருப்பும் மாறவில்லை. வங்கியின் பெயரும் கிளைக் குறியீடும் மாறின. 1956 நவம்பர் 1 அன்று இவ்வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது வயல்கள் இருந்த இடத்தில் இருக்க, மாநிலம் மாறியதைப் போன்றதே இது.

இப்போது ஒரு கற்பனை. தோவாளை வட்டத்துக் குடும்பங்களின் வைப்புகளுக்கு நூறாண்டு வரலாறு கொண்ட ஒரு நிரலை நாம் எழுத வேண்டும். கணக்குதாரர் இறந்தால் தொகை எவருக்கு என்பதையும் அது சொல்ல வேண்டும். ‘மருமக்கள்வழிக் கணக்குதாரர்’, ‘மக்கள்வழிக் கணக்குதாரர்’ என்று இரண்டு இனக்குழுக்களை அமைப்பது எளிதாகத் தோன்றும். மனிதரைப் பிறந்த குலத்தைக் கொண்டு பிரித்து, விதியை அவர் உடம்பில் எழுதிவிடும் முறை அது. ஆனால் ஒருவர் 1925இல் இறந்தால் ஒரு விதி. 1927இல் இறந்தால் இன்னொன்று. 1956 ஜூன் 17க்குப்பின் இந்து வாரிசுரிமைச் சட்டம். 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் நடுவண் திருத்தமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தன. மனிதர் அவரே, அவர்மேல் வந்து அமரும் விதி ஆண்டுக்கு ஆண்டு வேறு. ஆகவே கணக்குதாரர் ஒரே வகை. வாரிசு விதி அவரோடு சேர்க்கப்படும் தனியுறுப்பு. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 1926ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததும் இதுவே. குலத்தை அது அழிக்கவில்லை. குலத்தோடு தைத்திருந்த விதியைப் பிரித்தெடுத்து, இது மாற்றத்தக்கது என்று காட்டியது.

நியமனதாரர் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கில் ‘நாமினி’ என்று எழுதப்படுபவரே வாரிசு என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்கிறது. பெற்றவர் அதன் உரிமையாளர் ஆவதில்லை. உரிமை வாரிசுகளுடையது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்றான பின்பும் இந்த அடிப்படை மாறவில்லை. நிரலின் மொழியில், நியமனதாரர் என்பது தொகையைப் பெறும் வாயில். வாரிசு என்பது தொகைக்கு உரிய பொருள். தோவாளை வட்டத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகள் யார் என்ற சான்றிதழ் பூதப்பாண்டியில் உள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் வழங்கப்படுகிறது. ஒரு காலத்தில் மருமகன் பெயர் மட்டுமே செல்லுபடியாகியிருக்கக்கூடிய ஊரில் இன்று மனைவியின் பெயரும் மகன், மகள் பெயர்களும் அந்தத் தாளில் அடுத்தடுத்து வருகின்றன.

பொருள் என்னும் சொல்

பாடநூலின் மூன்று சொற்களில் ‘பொருள்’ எஞ்சி நிற்கிறது. தமிழில் அதற்குச் செல்வம், அர்த்தம், உயிரற்ற பண்டம் எனப் பல கிளைகள். அழகியபாண்டிபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி ஆராய்ந்தார், பின்னர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டின் இத்தகைய பழைய ஆவணங்களில் நிலமும் வரியும் ஒற்றியும் பேசப்படுவதோடு, மனிதர்களை விலைகுறித்து விற்ற ஆவணங்களும் உள்ளன. திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை ஒரு பகுதி மக்கள் கணக்குதாரராக அல்ல, கணக்கில் எழுதப்பட்ட பொருளாக இருந்தார்கள். காரணவருக்குப்பின் மருமகனா மகனா என்ற வழக்கில், அவர்கள் வழக்காடுவோர் பக்கத்தில் இல்லை; பங்கிடப்படுவனவற்றின் பட்டியலில் இருந்தார்கள். மருமக்கள்வழிச் சீர்திருத்தத்தைப் பேசும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. மனைவிக்கும் பிள்ளைக்கும் மறுக்கப்பட்ட வயல், அதில் இறங்கி உழைத்தவருக்கு எந்த விதியின்கீழும் உரியதாக இருந்ததில்லை.

எதையும் மாதிரியாக வரைவது தேர்ந்தெடுப்பதே. எது இனக்குழு, எது பொருள், எது மாறாதது, எது மாற்றத்தக்கது என்று வரைபவர் முடிவு செய்கிறார். டாலும் நிகார்டும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்று, 2002இல் சில வார இடைவெளியில் இருவரும் மறைந்தார்கள். நிகார்ட் தொழிற்சங்கங்களோடு இணைந்து உழைத்தவர். கணினி அமைப்பை வடிவமைக்கையில் அதனால் பாதிக்கப்படும் தொழிலாளருக்கும் அதில் குரல் வேண்டும் என்று வாதிட்டவர். அவர் பெயரோடு மரபுரிமத்தை மட்டும் நினைவுகூர்ந்து, இந்த இரண்டாவது செய்தியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பேரேட்டில் பெயர் எழுதப்படாதவரின் இடத்திலிருந்து அந்தப் பேரேட்டை வாசித்துக் காட்ட, நாஞ்சில் நாட்டில் ஒரு கவிஞர் ஐந்தாம் மனைவியின் குரலை எடுத்துக்கொண்டார். அந்தக் குரல் எழுந்த சில ஆண்டுகளில் விதியும் மாறியது.